மந்தை ஆட்டில் மருந்து கண்ட மாமேதை

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மனிதனின் கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சிறிய சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். தைராய்டு சுரப்பி என்று மருத்துவரும், கேடயச் சுரப்பி என்று பாடநூல்களும் அழைக்கும் அதன் சுரப்பு குறைந்தால், உடல் என்னும் உலையின் தீ தணிந்துவிடுகிறது. முகம் ஊதும், தோல் வறளும், குரல் கரகரக்கும், தலைமுடி உதிரும், சிறு குளிரும் பெருங்குளிராய்த் தோன்றும், எண்ணங்கூட மெல்ல நகரும். இன்று இந்நோய்க்குக் காலையில் விழுங்கும் ஒரு சிறு மாத்திரை போதும். அந்த மாத்திரையின் கதை ஓர் ஆட்டின் கழுத்தில் தொடங்குகிறது. அக்கதையின் நாயகர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜார்ஜ் ரெட்மெய்ன் முர்ரே.

நியூட்டனைப் பற்றியும் கியூரி அம்மையாரைப் பற்றியும் எழுதுவதற்கு நம்மிடையே பலர் உண்டு. நான் முர்ரேயைத் தேர்ந்தெடுத்ததற்கு என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே காரணம். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அன்னை களையெடுப்புக்கும் நடவுக்கும் போகிறவர். ஆறு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற ஆண்டு, வழக்கமாக வாங்கும் மாத்திரை கடையில் இல்லை. வேறொரு கம்பெனியின் மாத்திரையைக் கொடுத்தார்கள். அளவு அதே 100 மைக்ரோகிராம். ஒரு மாதம் கழிந்தது. உடம்பு முன்போல் இல்லை, கால் கனக்கிறது, களை வரிசையில் மற்றப் பெண்களுக்குப் பின்னால் நின்றுவிடுகிறேன், இந்த மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லை என்று அம்மா சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் படிக்கிறவன் என்ற செருக்கு எனக்கு. பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் மூலக்கூறு ஒன்றுதான், எல்லாம் மனப்பிரமை என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். படித்த பிள்ளை சொல்கிறான் என்று அம்மா வாய்மூடிக்கொண்டார். அதன்பின் மூன்று மாதங்கள் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தின் விலை என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் முர்ரேயின் வரலாற்றைக் காண்போம்.

இளமையும் கல்வியும்

1865ஆம் ஆண்டு ஜூன் மாதம், வட இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில் நகரில் முர்ரே பிறந்தார். தந்தை வில்லியம் முர்ரேயும் மருத்துவரே. மகன் ஈட்டன் பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்று, லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். பின்னர் பெர்லினுக்கும் பாரிசுக்கும் சென்று தம் அறிவைப் பெருக்கிக்கொண்டார். நம்மைப்போல் முதல் தலைமுறைப் பட்டதாரி அல்லர் அவர். வசதியான வீட்டுப் பிள்ளை. ஆயினும் வசதி மட்டுமே ஒருவரை வரலாற்றில் நிறுத்திவிடாது அன்றோ!

லண்டனில் அவருக்கு வாய்த்த ஆசான் விக்டர் ஹார்ஸ்லி. குரங்குகளின் தைராய்டு சுரப்பியை அறுவை செய்து அகற்றி, அதன்பின் அவற்றின் உடலில் நேரும் மாற்றங்களை ஆராய்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் மருத்துவ உலகைக் குழப்பிக்கொண்டிருந்த புதிர் இந்தச் சுரப்பிதான். 1873இல் வில்லியம் கல் என்னும் மருத்துவர், நடுவயதுப் பெண்கள் சிலர் முகம் ஊதி, அறிவு மந்தித்துப் போவதை விவரித்தார். 1878இல் வில்லியம் ஆர்டு அந்நோய்க்கு மிக்சிடீமா என்று பெயர் சூட்டினார். 1883இல் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், கழுத்துக் கழலைக்காகச் சுரப்பியை முழுவதும் அகற்றிய நோயாளிகள் பின்னாளில் இதே நிலையை அடைந்ததைக் கண்டு அதிர்ந்து, அதை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தார். லண்டன் மருத்துவர் குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1888இல் இவையெல்லாம் ஒரே காரணத்தின் விளைவுகள் என்று கண்டது. சுரப்பி செயலிழப்பதே அக்காரணம். காரணம் தெரிந்துவிட்டது, மருந்துதான் தெரியவில்லை.

ஏளனத்துக்கு நடுவே ஓர் எண்ணம்

செம்மறி ஆட்டின் சுரப்பியை நோயாளியின் தோலுக்கடியில் பதியம் போட்டால் என்ன என்று 1890இல் ஹார்ஸ்லி யோசனை கூறினார். அதே ஆண்டில் லிஸ்பன் நகரத்து மருத்துவர் இருவர் அதைச் செய்தும் பார்த்தனர். வியப்பு என்னவெனில், பதியம் போட்ட மறுநாளே நோயாளியிடம் முன்னேற்றம் தெரிந்தது. பிறர் அதைக் கண்டு மகிழ்ந்தனர். முர்ரே அதைக் கண்டு சிந்தித்தார். பதித்த சதையில் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து அது உயிர்பெற ஒரு நாள் போதாதே! அப்படியானால் குணம் தந்தது பதியம் அன்று. அதிலிருந்து கசிந்து உடலில் கலந்த சாறுதான். சாறே மருந்தென்றால் அறுவை எதற்கு? ஊசி வழியாகவே செலுத்திவிடலாமே!

1891ஆம் ஆண்டு பிப்ரவரியில், நியூகாசில் பகுதி மருத்துவர் சங்கக் கூட்டத்தில் இந்த எண்ணத்தை அவர் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25. நம்மைவிட ஐந்தாறு வயதே மூத்தவர். கூட்டத்தில் இருந்த மூத்த மருத்துவர் ஒருவர், அப்படியானால் தண்டுவட நோய்க்குத் தண்டுவடத்தையே கரைத்துக் கொடுக்கலாமே என்ற பொருளில் எள்ளி நகையாடினாராம். முர்ரே வாதம் செய்துகொண்டிராமல் வேலையைத் தொடங்கினார்.

அவர் மருந்து தயாரித்த முறை எங்கள் ஆய்வகத்தில்கூடச் செய்யத்தக்க அளவு எளிமையானது. அப்போதுதான் அறுக்கப்பட்ட ஆட்டின் சுரப்பியைத் தூய கருவிகளால் எடுப்பார். சிறு துண்டுகளாக நறுக்கி, கிளிசரினும் கார்பாலிக் அமிலக் கரைசலும் சேர்த்து ஒரு நாள் ஊறவைப்பார். பின்னர், வெந்நீரில் கொதிக்கவைத்த மெல்லிய கைக்குட்டையில் இட்டு முறுக்கிப் பிழிவார். கிடைக்கும் கலங்கலான சாறே மருந்து!

ஓர் அம்மையாரின் இருபத்தெட்டு ஆண்டுகள்

1891 ஏப்ரலில் முதல் ஊசியை ஏற்றவர் 46 வயதான ஒரு மணமான பெண்மணி. மருத்துவ நூல்கள் அவரைத் திருமதி எஸ். என்று மட்டுமே குறிக்கின்றன. நோய் முற்றிய நிலையில் இருந்தார். முகம் ஊதி, பேச்சு தடித்து, நடை தளர்ந்து, எப்போதும் குளிரால் வருந்திக்கொண்டிருந்தார். ஊசி தொடர்ந்தது. சில மாதங்களில் முகத்தின் வீக்கம் வடிந்தது. பேச்சு விரைவு பெற்றது. வறண்டு கிடந்த தோலில் வியர்வை அரும்பியது. அயர்வின்றி நடக்கத் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் முர்ரே இதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஏளனம் செய்தோர் வாயடைத்தனர்.

மறு ஆண்டே வேறு மருத்துவர்கள், ஊசியும் வேண்டாம், சுரப்பியை வாய்வழி உண்டாலே போதும் என்று கண்டனர். அதை இலேசாக வறுத்துப் பழப்பாகுடன் உண்ணச் சொன்ன மருத்துவரும் உண்டு!

இங்கேதான் நான் மிகவும் எண்ணிப் பார்த்த இடம் வருகிறது. ஓர் ஆட்டின் சுரப்பியும் மற்றோர் ஆட்டின் சுரப்பியும் ஒன்றல்ல. மேயும் நிலத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப அவற்றின் அயோடின் அளவு மாறும். சாற்றின் வலிமையும் மாறும். அன்றைய ஒவ்வொரு புட்டியும் ஒரு தனிக் கம்பெனி மருந்து போலத்தான்! வலிமையை அளக்க ஒரு வழியும் இல்லை. இன்று நாம் செய்யும் இரத்தப் பரிசோதனையும் இல்லை. அப்படியிருக்க முர்ரே எதை வைத்து மருந்தைக் கூட்டினார், குறைத்தார்? நோயாளியை வைத்துத்தான். முகம் எப்படி இருக்கிறது, நாடி எப்படி ஓடுகிறது, குளிர் தெரிகிறதா, நடக்க முடிகிறதா என்று பார்த்தும் கேட்டும் அறிந்தார். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும். குறைந்தால் பழைய மந்தம் திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய கோட்டைக் காட்டியவர் அந்த அம்மையாரே.

எங்கள் ஆய்வகத்தில் தரம்பார்த்தல் செய்யும் மாணவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். பியூரெட்டில் எவ்வளவு ஊற்றினோம் என்பது முடிவு அன்று. கூம்புக் குடுவையில் நிறம் எப்போது மாறுகிறது என்பதே முடிவு. முர்ரேயின் கண் புட்டியின் மேல் இல்லை. குடுவையின் மேல் இருந்தது.

1893இல் அவர் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு நோய்க்கூறியல் பேராசிரியரானார். 1908இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியராகச் சென்று 1925 வரை பணியாற்றினார். பதவி உயர்ந்தது, ஊர் மாறியது, ஆனால் தம் முதல் நோயாளியை அவர் மறக்கவில்லை. அந்த அம்மையார் 1919இல், 74ஆம் வயதில் காலமானார். மருந்து தொடங்கி 28 ஆண்டுகள் நலமாக வாழ்ந்திருந்தார். அடுத்த ஆண்டு அவருடைய வரலாற்றை முர்ரே ஒரு கட்டுரையாக எழுதினார். அவர் உட்கொண்ட மருந்து ஒன்பது பைண்டுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 5 லிட்டர் என்றும், அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்றும் கணக்குக் காட்டினார். ஒரு நோயாளியை 28 ஆண்டுகள் கணக்கில் வைத்திருந்த அந்தப் பொறுமையை என்னென்பது! 1939 செப்டம்பரில், தம் 74ஆம் வயதில் முர்ரே மறைந்தார். அந்த அம்மையாரும் அதே வயதில்தான் மறைந்தார் என்பது ஓர் அரிய ஒற்றுமை.

சாறு மாத்திரையான கதை

முர்ரேயின் சாற்றுக்குள் இருந்த பொருள் என்ன? 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்க வேதியியலார் எட்வர்டு கெண்டல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பின்னர் ஏறத்தாழ 3 டன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம் மட்டுமே! 1926இல் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். மறு ஆண்டே ஜார்ஜ் பார்கருடன் சேர்ந்து அதைச் செயற்கையாக உருவாக்கினார். தைராக்சின் என்னும் அப்பொருளின் சோடியம் உப்பே இன்றைய மாத்திரை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் என்றால், ஒரு கிராம் தைராக்சின் 10,000 நாட்களுக்கு வரும். அதாவது 27 ஆண்டுகளுக்கும் மேல்! அந்த அம்மையாருக்கு 870 ஆடுகள் தந்ததை, இன்று ஒரு சிட்டிகைத் தூள் தந்துவிடுகிறது. வேதியியல் மாணவன் என்ற முறையில் என் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அதே கணக்கு வேறொன்றையும் காட்டியது. மாத்திரைக்குள் மருந்து, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியும் மீதியெல்லாம் மாவும் சர்க்கரையும் போன்ற துணைப்பொருள்களே. ஒரு கம்பெனி லாக்டோஸ் சேர்க்கும். மற்றொன்று மானிட்டால் சேர்க்கும். மாத்திரை எவ்வளவு விரைவில் கரைகிறது, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தாங்கி எத்தனை மாதம் வலிமை குன்றாமல் இருக்கிறது என்பதெல்லாம் இவற்றைப் பொறுத்தவை. வெறும் வயிற்றில் உண்டால்கூட 60 முதல் 80 விழுக்காடு மருந்துதான் இரத்தத்தில் சேர்கிறது. தேநீரோ காபியோ சேர்ந்தால் இன்னும் குறையும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை உடன் உண்டாலும் குறையும். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இதை அரசுகளும் உணர்ந்தே இருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி வலிமை வேறுபடுவதைக் கண்ட அமெரிக்க அரசு, எல்லாக் கம்பெனிகளும் புதிதாக அனுமதி பெறவேண்டும் என்று 1997இல் ஆணையிட்டது. 2007இல், காலாவதி ஆகும் நாள்வரை வலிமை 95 முதல் 105 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்று வரம்பை இறுக்கியது.

நியூசிலாந்தில் 2007இல், நெடுநாள் வழங்கிவந்த தைராய்டு மாத்திரையின் துணைப்பொருள்கள் மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் வந்த பக்கவிளைவுப் புகார்கள் 14 மட்டுமே. மாற்றியபின் ஒன்றரை ஆண்டில் 1,400க்கும் மேல்! சோதித்துப் பார்த்ததில் மருந்தின் அளவு சரியாகவே இருந்தது. தொலைக்காட்சியும் செய்தித்தாளும் பெரிதுபடுத்திய ஊர்களில் புகாரும் மிகுந்தது என்று ஆய்வாளர்கள் கண்டனர். பிரான்சு நாட்டில் 2017இல் லாக்டோஸை நீக்கி மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தபோதும் ஆயிரக்கணக்கானோர் முறையிட்டனர். பழைய மாத்திரையை அரசு மீண்டும் வரவழைக்க நேர்ந்தது. இரு மாத்திரைகளும் சராசரியில் சமமே என்று சோதனைகள் காட்டியிருந்தன. ஆனால் 2019இல் சில ஆய்வாளர்கள் அதே கணக்கைத் தனித்தனி ஆளாகப் பிரித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சம எல்லைக்கு வெளியே நின்றனர். இதன் பொருள் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. எனக்கு விளங்கியது இதுதான்: சராசரி மனிதன் என்று ஒருவன் எந்த ஊரிலும் குடியிருப்பதில்லை.

மீண்டும் என் வீட்டுக்கு

மூன்று மாதம் கழித்து, அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு முன்னைவிட மிகவும் உயர்ந்திருந்தது. உடலுக்குத் தைராக்சின் போதவில்லை என்பதன் அடையாளம் அது. மருத்துவர் என்னைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்டார். எப்போதிருந்து அயர்ச்சி, எந்த மாத்திரை, எதனுடன் சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அப்போதுதான் மற்றொன்றும் வெளிவந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் இரத்தசோகைக்கென்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அம்மா காலையில் சேர்த்தே விழுங்கி வந்திருக்கிறார். ஒரே கம்பெனி மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், மாறினால் வந்து சொல்லுங்கள், இரும்புச்சத்தை இரவுக்குத் தள்ளுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். தைராக்சினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகவே எந்த மாற்றமும் நிலைபெற ஆறு வாரமாவது வேண்டும் என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். எங்கள் குடுவையில் ஒரு துளியில் நிறம் மாறும். மனித உடலில் அந்தத் துளி தெரிய ஒன்றரை மாதம்!

ஆறு வாரம் கழிந்தது. அளவு இறங்கிவந்தது. அம்மா களை வரிசையில் முன்போல் முன்னே போகிறார்.

குற்றம் கம்பெனி மாறியதிலா, இரும்புச்சத்திலா? இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டதால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லுவேன். அம்மா சொன்னது மனப்பிரமை அன்று. அவர் காட்டிய காரணம் தவறாக இருந்திருக்கலாம்; அவர் உணர்ந்த அயர்ச்சி உண்மை. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மூலக்கூறு ஒன்றுதான் என்று நான் சொன்னதும் உண்மையே. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் அந்த உண்மையைக் கொண்டு என் அன்னையின் வாயை அடைத்தேன். அதற்கு விலையாக அவர் மூன்று மாத உடல்நலத்தைக் கொடுத்தார்.

நண்பர்களே! நம்மில் பலர், கையெழுத்துப் போடவும் தடுமாறும் பெற்றோரின் பிள்ளைகள். ஊரில் நம் சொல்லுக்கு இன்று ஒரு மதிப்பு வந்திருக்கிறது. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், கடைக்காரர் கொடுத்த மாத்திரை சரிதானா என்று பார்க்கவும் நம்மைத்தான் அழைக்கிறார்கள். அப்போது மாத்திரையின் பெயரைப் படிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்தை நாமே மாற்றவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கேட்டதை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

இப்போது அம்மாவின் மாத்திரைப் புட்டியில், வாங்கிய தேதியையும் கம்பெனியின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் விடுதியிலிருந்து ஊருக்குப் போனதும், களை வரிசையில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்கிறேன். அம்மா சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். அதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்கிறேன்.